லீவு மிஸ்

பாலக்கோடு பஸ்ஸிலிருந்து நான்
ராயக்கோட்டையில் இறங்கும்போது
ஓசூர் கம்பெனி பஸ் கிளம்பும்.
நீலச் சட்டையில், ஜன்னலில் தலை சாய்த்து
தூங்கிக்கொண்டு போகிறவர்களில் இரண்டு பேர்
என்னோடு பி.எட். படித்தவர்கள்.
என்னைவிட ஐயாயிரம் கூட வாங்குகிறார்கள்.
கை காட்டுவேன்.
தூங்குகிறவர்களுக்குத் தெரியாது.

கோமளவல்லி டீச்சருக்குப் பிரசவ விடுப்பு.
அவர் நாற்காலி, அவர் எவர்சில்வர் டம்ளர்,
மேஜை அறையில் அவர் மறந்துவிட்டுப் போன
ஒற்றைக் கொலுசுத் திருகு,
எல்லாம் இப்போது என் பொறுப்பில்.
பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே
இடம் காட்டினார் தலைமையாசிரியர்:
"பென்சில்ல போடுங்கம்மா.
ஆர்டர் வந்ததும் பேனால எழுதிக்கலாம்."
அது ஜூலை.
இப்போது பிப்ரவரி.
பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

பிள்ளைகள் வைத்த பெயர் லீவு மிஸ்.
லீவு விடுகிற மிஸ் என்று நினைத்து
முதல் வாரம் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள்.

காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பவன் மாதேஷ்.
வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம்.
தமிழை யூனிஃபார்ம் மாதிரி
காலையில் மாட்டிக்கொண்டு வருகிறவன்.
"போர் நிறுத்தம்" என்று வாசித்துவிட்டு
வகுப்பில் வந்து கேட்டான்:
"போர் அங்க வந்து நிக்குமா மிஸ், பஸ் மாதிரி?"
நிற்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
ஆள் ஏறினதும் கிளம்பிவிடும் என்றேன்.
இதை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பார்கள்?

உலக வரைபடத்தில் அந்த ஊரைத் தேடினோம்.
சரியாக அங்கேதான் ஆணி அடித்திருந்தது.
"அங்க தக்காளி விளையுமா மிஸ்?"
விளையும் என்றேன், தெரியாமலே.
சாயங்காலம் போனில் பார்த்தேன்.
விளைகிறது.

தக்காளிச் செய்தியை மட்டும்
மாதேஷ் தடுமாறாமல் வாசிப்பான்.
பெட்டி எண்பது ரூபாய்.
அன்றைக்கு ஏழாம் வகுப்பில் பதினொரு பேர் இல்லை.
விலை ஏறினால் பறிக்கக் கூப்பிடுவார்கள்.
விழுந்தால் கூலி ஆளுக்குக் காசில்லை,
அப்போதும் பிள்ளைகள்தான்.
பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

நாகவேணி, ஒன்பது பி,
ஆறு நாளாக வரவில்லை.
பக்கத்தில் உட்காருகிறவள்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:
"வளையல் எடுக்க கிருஷ்ணகிரி போயிருக்காங்க மிஸ்."

ஸ்டாஃப் ரூமில் சொன்னேன்.
யாரோ எழுந்து கதவைச் சாத்தினார்கள்.
"நீங்க போயிடுவீங்க.
நாங்கதான இங்க பஸ் ஏறணும்"
என்றார் கணக்கு டீச்சர் ரேணுகாம்பாள்.
கோபம் வரவில்லை. உண்மைதான்.
போகிறவளுக்கும் ஒரு வசதி இருக்கிறது என்று
அப்போதுதான் தோன்றியது.

பத்து, ஒன்பது, எட்டு.
கழிப்பறைக்குப் பின்னால்தான் சிக்னல் கிடைக்கும்.
மறுமுனைப் பெண் நிதானமாக எழுதிக்கொண்டாள்:
வயது, ஊர், எந்த மண்டபம், என்றைக்கு.
"நீங்க என்ன வேலை பாக்குறீங்க மேடம்?"
ஆசிரியர் என்றேன்.
முன்னால் போட வேண்டிய சொல் ஒன்று உண்டு.
அன்று போடவில்லை.

வெள்ளிக்கிழமை பேப்பரில் ஏழாம் பக்கம், நான்கு வரி.
பெயர் இல்லை, ஊருக்கு 'அருகே' என்று மட்டும்.
"இத வாசிக்கவா மிஸ்?"
வேண்டாம்டா, தக்காளி விலை வாசி.

திங்கட்கிழமை வந்தாள்.
முழங்கைவரை மெஹந்தி.
என்னைப் பார்க்கவில்லை.
விட்டுப்போன நோட்ஸும் கேட்கவில்லை.
அவள் அம்மா கேட்டுக்கு வெளியே
வெகுநேரம் நின்றிருந்தாள்,
யாரைத் திட்டுவது என்று தெரியாதவள் போல.
எனக்குக் கை நடுங்கியது.
நாகவேணி பெயருக்கு நேரே
வருகையைப் பேனாவில் போட்டேன்,
அடியில் இருந்த தாளிலும் பதிகிற மாதிரி.

அடுத்த மாதம் கோமளவல்லி டீச்சர் வந்துவிடுவார்.
டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து வைக்க வேண்டும்.
திருகு பத்திரமாக இருக்கிறது.