நிகரம்

பள்ளிகொண்டா தாண்டி, பெங்களூர் ரோட்டோரம்
அறுபது டன் எடைமேடை.
ராத்திரி ஷிப்ட் எனக்கு.
ஜல்லி, எம்சாண்ட், தோல் மூட்டை,
ஒரு தடவை யாரோ ஒரு தேர் அச்சு.
லாரி ஏறி நிற்கும். எண் நடுங்கி நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
பத்துப் பத்து கிலோவாய்த்தான்
எண்ணத் தெரியும் என் மெஷினுக்கு.
அதற்குக் கீழே உலகம் கிடையாது.

எனக்கோ மூன்று மாதமாய்
கிராம் பைத்தியம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு பைக்.
டயர் மாற்றியாயிற்று. சீட்டும்.
பாட்டில் மாட்டும் ஸ்க்ரூவைக்கூட
அலுமினியத்தில் தேடிப் போட்டாயிற்று.
மிச்சம் கிராங்க்செட்:
இரண்டு கை, மூன்று பல்சக்கரம், நடுவில் இரும்பு அச்சு.
மேடு வந்தால் போதும்,
வட்டி கேட்பவன் போல
காலைப் பிடித்துக்கொள்ளும்.

பாரஸ் சேட்டு கடையில்
சோப்பு வாங்கி மோதிரத்தைக் கழற்றினேன்.
எட்டு கிராம் இருநூறு மில்லி.

பழைய கிராங்க் லேசில் வரவில்லை.
புல்லர் போட்டுத் திருகியதில் மரை தேய்ந்தது.
எதிர்ப்பக்கம் பஞ்சர் கடை இதாயத்துல்லா
லாரி ஜாக்கி பைப்பைச் சொருகி
ஒரு மிதி மிதித்தார்.
இடது வந்தது.
வலதுபக்கக் கப்பில் என் பலமெல்லாம் தீர்ந்தபிறகு
பீடியை எடுக்காமலே சொன்னார்:
"அது லெஃப்ட் திரெட்டுப்பா.
கழட்டணும்னா முடுக்கு."

அறுநூறு கிராமுக்கு மேல் தாங்காது
சேட்டு தராசு.
பிரித்துப் பிரித்து வைத்தோம்.
பழசு ஆயிரத்து நூற்று அறுபத்தெட்டு.
புதுசு எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று.
"பொன்னு குறைஞ்சா அழுவாங்க,
இன்னாயா நீ, குறைஞ்சதுக்குச் சிரிக்கிறே?"
சேட்டு கேட்டதும் சரிதான்.
எட்டு கிராம் தங்கம் கொடுத்து
முந்நூற்று எழுபத்தேழு கிராம்
இல்லாமையை வாங்கியிருக்கிறேன்.

அன்று ராத்திரி மூன்று மணி. லாரி வராத நேரம்.
சைக்கிளோடு மேடையில் ஏறினேன்,
ஜன்னல் வழியே கையை விட்டு பட்டனைத் தட்டினேன்.
எண்பது.
பழைய கிராங்க் இருந்தபோதும் எண்பதுதான்.
அதையும் இதையும் சேர்த்து ஒரு சீட்டு அடித்தேன்.
மொத்தம் 80. காலி 80. நிகரம் 0.

ஞாயிறு, ஆராதனைக்கு டிமிக்கி.
ஆம்பூர், வாணியம்பாடி, பொன்னேரி.
ஏலகிரி அடிவாரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு
முதல் வளைவை எகிறி முடித்தேன்,
இரண்டாவதைச் சிரித்துக்கொண்டே.
ஆறாவதில்தான் உறைத்தது.
மூன்று பல்சக்கரம் இரண்டாகியிருக்கிறது.
போனது சின்னது.
மலைக்கென்றே இருந்தது.
விரல் பழக்கத்தில் லீவரைத் தட்டியது,
"டிக்" என்றது,
ஒன்றும் மாறவில்லை.
இன்னொரு "டிக்".
மேலே குரங்கொன்று ரோட்டைக் கடந்தது, அவசரமில்லாமல்.

ஒன்பதாம் வளைவில் இறங்கி
தள்ளிக்கொண்டு நடந்தேன்.
தள்ளும்போது தெரிந்தது:
வண்டி நிஜமாகவே லேசுதான்.

சட்டை துவைக்கும்போது தெபொராள்
பையிலிருந்து சீட்டை எடுத்தாள்.
ஈரக்கையால் விரித்து, இரண்டுமுறை படித்தாள்.
"எண்பது, எண்பது, பூஜ்யம்.
யார் லோடு இது?"
"என்னுது."
என் விரலைப் பார்த்தாள்.
வெயில் படாத வளையம் வெள்ளையாய் இருந்தது.
"இது?"
"அந்த மெஷின்ல அது தெரியாது."

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சீட்டை நாலாய் மடித்து
அரிசி டப்பாவில் போட்டாள்,
தவணை ரசீதெல்லாம்
அங்கேதான் இருக்கும்.