மூன்று மணி நேர வாடகை

வண்டியின் நீளம் எட்டரை மீட்டர்.
பொங்கோல் அடுக்குக் கார்நிறுத்துமிடம்
இதை விழுங்காது.
குப்பை அறை வாசலுக்கும்
பந்து விளையாடக் கூடாதென்ற பலகைக்கும் இடையே
விளக்குகளைச் சிமிட்டவிட்டு நிற்கிறேன்.
வெள்ளைக் கையுறை முதலாளி தந்தது.
இடது கட்டைவிரலில் தையல் விட்டுப்போய்
நகம் எட்டிப் பார்க்கிறது.

டிசம்பர் மழை விட்டு ஐந்து நிமிடம்.
மின்தூக்கி திறந்ததும்
முதலில் வாசனைத் திரவியம் வந்தது,
பிறகு ஷெர்லின், ஹாஃபிஸ்,
அண்ணனின் கோட்டுக்குள் தோள்களைத் தேடும் ஜுன் வெய்.
ஏழு பேர்.
போன மாதம்வரை சீருடையில் பேருந்துக்கு ஓடியவர்கள்
தேங்கிய நீரைத் தாண்ட
ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.
ஐந்தாம் மாடியில் காயும் துணியை விலக்கி
யார் வீட்டு அம்மாவோ படம் எடுத்தார்,
நம்பர் பிளேட்டும் விழும்படி.

"எட்டுப் பேர்னு போட்டிருக்கே?"

பதிவு செய்தவள் நிவேதினி. கணக்குக்காரி.
கைப்பேசியில் பட்டியல் வைத்திருந்தாள்:
ஆளுக்கு அறுபத்தைந்து வெள்ளி,
கொடுத்தவர் பெயர் பச்சை.
ஒரு பெயர் மட்டும் மஞ்சள்,
பக்கத்தில் இருபது என்று இருந்தது.
மீதியை யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.
"அவன் வழியில ஏறிக்குவான், அங்கிள்."

பிராம் நடக்கும் ஓட்டல் இருபத்திரண்டு நிமிடத் தூரம்.
வாங்கியதோ மூன்று மணி நேரம்.
இந்த ஊரில் காசு கொடுத்தால் நேரம் கிடைக்கும்,
தூரம் கிடைக்காது.
சாங்கி வரை போனேன், விமானம் இறங்குவதைக் காட்ட.
கரையோரச் சாலையில் திரும்பினேன்,
நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்கைக் காட்ட.
அவர்கள் எதையும் பார்க்கவில்லை.
வண்டிக் கூரை ஊதாவிலிருந்து நீலமாவதைப் பார்த்தார்கள்.
ஆப்பிள் சாற்றை உயரக் கோப்பையில் ஊற்றி
ஷாம்பெயின் என்றார்கள்.
ஈஆர்பி வளைவின் கீழ் கருவி கீச்சிட்டதும்
எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள்.
மெரினாவின் ராட்டினம் மூன்றாம் முறை வந்தபோது
ஹாஃபிஸ் மட்டும்
"இது எத்தனை ராட்டினம் உள்ள ஊர்?" என்றான்.

ஓட்டலுக்கு முன்னூறு மீட்டர் இருக்க,
பேருந்து நிறுத்தத்தில் யுகேந்திரன்.
கழுத்துப்பட்டை புதுசு.
கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் வேலைச் சட்டை,
அதில் பொரித்த கோழியின் வாசம்.
கதவை நான்தான் திறக்க வேண்டும், அது விதி.
நான் சுற்றி வருவதற்குள் அவனே திறந்துவிட்டு
ஏதோ உடைத்துவிட்டவன்போல் என்னைப் பார்த்தான்.

முன்னூறு மீட்டருக்கு இருபது வெள்ளி.
கணக்குப்படி அந்த வண்டியில்
அதிக வாடகை கொடுத்தவன் அவன்தான்.

வாசலில் நீண்ட வரிசை.
ஒரு பழைய கல்யாணக் கார், இரண்டு லிமோசின்,
எல்லாவற்றுக்கும் முன்னால்
யாரோ குறும்பாக எடுத்துவந்த மூன்று டிரைஷா,
மணியடித்தபடி.
நான் முன்வண்டியை ஒட்டவில்லை.
விட்ட இடைவெளியில் ஒரு டாக்சி நுழைந்தது.
இன்னொன்று. கையசைத்து வரச்சொன்னேன்.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.
கண்ணாடியில் பார்த்தேன்:
அவன் தலை நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஊதா, நீலம், மறுபடி ஊதா.
பை யார் காலடியிலோ போய்விட்டது.

போவதற்கு மட்டும்தான் பதிவு.

வண்டியைக் கழுவி, சாவியை ஒப்படைத்து
சிராங்கூனில் கடைசி ரயிலைப் பிடித்தேன்.
அங்கே இருந்தார்கள்,
குதிகால் செருப்புகள் மடியில், வெறுங்காலோடு.
ஷெர்லின் தோளில் நிவேதினி தூங்கினாள்.
கையுறை இல்லாத என்னை
ஒருவருக்கும் தெரியவில்லை.
"அங்கிள், இது பொங்கோல் வரைக்கும் போகுமா?"
போகும் என்றேன்.

ஹௌகாங்கில் யுகேந்திரன் எழுந்தான்.
தானாகத் திறந்த கதவின் முன்
ஒரு நொடி நின்றுவிட்டு
இறங்கினான்.