பற்றுக் கொப்பி

நூற்றிருபதாம் ஆண்டு விழா மலருக்குச்
சபை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள்.
என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பது ஒரு காரணம்.
மற்றது, நான் ஏசடியான் கங்காணியின் கொள்ளுப்பேரன்.

கோயில் சுவரில் ஒரு பித்தளைத் தகடு.
மாதம் ஒருமுறை பிராஸோ போட்டு நான்தான் துடைக்கிறேன்.
ஆளில்லாக் காட்டைத் தோட்டமாக்கிய துரைக்கும்
ஒரே நாளில் அறுபத்திரண்டு ஆத்துமாக்களை
ஆண்டவரிடம் சேர்த்த கங்காணிக்கும் நன்றி என்கிறது.
கிளென்டாராத் தோட்டத்தில் இதுதான் வரலாறு.
ஆளில்லாக் காடு என்று
எந்த ஆள் பார்த்துச் சொன்னான் என
நானும் கேட்டதில்லை.

தகரப் பெட்டியில், அப்பாவின் கோட்டுக்கு அடியில்,
பூச்சி தின்ற மிச்சமாய்க் கிடந்தது பற்றுக் கொப்பி.
கப்பல் கூலி. கம்பளி. அரிசி.
பிள்ளை செத்த செலவு.
சின்னான், பொன்னாயி, வேலன், கறுப்பாயி என்று
இறங்கிப் போகிற பெயர்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
அதே கையெழுத்து, அதே வரிசை.
சின்னானுக்கு நேரே ஆபிரகாம்.
பொன்னாயிக்கு நேரே எஸ்தர்.
அன்றைய தேதியில், கொப்பியில்,
ஆளுக்கு மூன்று ரூபாய் கழிவு.
அறுபத்து மூன்றாவதாக ஒருவன், மாரியப்பன்.
கழிவு இல்லை. பதிவேட்டிலும் இல்லை.
சிவப்பு மையில்: பேர் வெட்டியாச்சு.

"மூன்று ரூபாய் ஞானஸ்நானம் செல்லுமா ஐயா?"
போதகர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே
"ஊற்றின கை எப்படியிருந்தாலும்
தண்ணீர் தண்ணீர்தான்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"மலரில் இது வேண்டாமே."

அந்த ஞாயிறு ரூபியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
பதிவேட்டில் எஸ்தரிலிருந்து விரலை இறக்கினால்
ஐந்தாவது தலைமுறையில் ரூபி.
கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
மழைக்கு முந்தி ஐந்தாம் நம்பர் லயத்துக்கு ஏறினேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
வழி நெடுகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.
பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் முன்னால்
அது பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி வந்தது.

கையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தைப் பார்த்தாள்.
"கட்டி முடிச்சாங்களா?"
எதை என்றேன்.
"பொன்னாயி. கடனக் கட்டி முடிச்சாங்களா இல்லையா,
அதப் பாத்துச் சொல்லுங்க மொதல்ல."

கடைசிப் பக்கம்வரை புரட்டினேன்.
முப்பத்தேழு ரூபாய் நாற்பது சதம்.
அடியில் கோடு இல்லை.

"அப்ப, மன்னிக்கிறதும் அவங்க வேல.
அவங்களுக்காக எனக்கு மன்னிக்க ஏலாது."
ஒரு சட்டையைப் பிழிந்து தோளில் போட்டாள்.
"இன்னொன்னு.
மூணு ரூவாய்க்கு வந்தாங்கன்னு எழுதிறாதீங்க.
வந்தது ரூவாய்க்கா இருக்கலாம்.
கங்காணி செத்தப்புறமும் ஏன் இருந்தாங்க?
அது இருக்கா ஒங்க கொப்பியில?"

இல்லை.

ஞாயிறு. தொட்டித் தண்ணீர் எலும்பைத் தொடுகிற குளிர்.
பிள்ளை வீரிட்டதில் முகட்டுத் தகரத்துப் புறாக்கள் கலைந்தன.
பொன்னாயி என்று பெயர் வைப்பாள் என எதிர்பார்த்திருந்தேன்.
யார் எதிர்பார்க்கச் சொன்னது என்னை?
ஷெனோஷா என்றாள்.
எழுத்துக்கூட்டிச் சொல்ல, பதிவேட்டில் எழுதினேன்.

பிறகு எல்லோரும் எழுந்து ஜெபித்தோம்.
எங்கள் கடனாளிகளுக்கு என்ற இடத்தை
சபை ஒரே மூச்சில் கடந்து போனது.
நான் அங்கேயே நின்றேன்.
அறுபது வருஷமாக அந்தச் சொல்லில்
கொடுத்தவன் பக்கமே நின்றிருக்கிறேன்.

மலர் அச்சுக்குப் போக இன்னும் நான்கு நாள்.
தகட்டுக்கு இந்த மாதம் பிராஸோ போடவில்லை.
வரலாறு இதுவரை ஒரு வரிதான்:
மாரியப்பன் என்று ஒருவர் இருந்தார்,
பேர் வெட்டியபின் எந்தப் பக்கம் இறங்கிப் போனார் என்று
எங்களிடம் எழுதி வைக்கப்படவில்லை.