நான்கு விரல்

எரிந்த தோலின் வாடை
பேரணாம்பட்டு எல்லையிலேயே காரில் ஏறிக்கொண்டது.
கத்திரி வெயில்.
கண்ணாடியை இறக்கினாலும் அனல்,
ஏற்றினாலும் அனல்.

இரண்டாம் எண் கோடவுன்.
சாப்பிட்டு எழுந்தவர் மடித்துவிட்டுப் போன இலைபோல்
கூரைத் தகடு.
பசை டின்கள் வயிறு வெடித்துக் கிடந்தன.
நீளம் எண்பத்து நான்கடி, அகலம் நாற்பது.
சரக்கு, கணக்குப் புத்தகப்படி என்று எழுதி நிறுத்தினேன்.
கணக்குப் புத்தகமும் உள்ளேதான் இருந்ததாம்.

இரவுக் காவல் தேசப்பன்.
முன்னங்கை முழுக்க வெள்ளைக் களிம்பு.
"பியூஸ் கட்டைல பொறி வந்துச்சு மேடம்.
இத்தினியூண்டு தீ.
ஓடிப்போயி வாளிய எடுத்தேன்.
தூக்கும்போதே எடை இல்ல.
வீசினேன்.
காயிதமா வந்து விழுந்துச்சு.
அத்த வாங்கித் துன்னுட்டுத்தான்
பெருசாச்சு."

மீதி ஏழு வாளியும் கொக்கியிலேயே தொங்கின,
சிவப்புப் பெயின்ட் பொரிந்து.
எட்டிப் பார்த்தேன்.
மேலே இருந்த மணல் அடியில் இருந்தது.
டேப் கையில் இருந்தும்
விரல் வைத்தே அளந்தேன்.
நான்கு விரல்.
பழைய செய்தித்தாளும் அட்டைப்பெட்டித் துண்டும் சாம்பலாகி
அதன்மேல் மணல் மெல்ல உட்கார்ந்திருக்கிறது,
பந்தியில் இடம் கிடைத்தவர் மாதிரி.

சூப்பர்வைசர் சம்பத்து மறைக்கவில்லை.
"எட்டு வாளிக்கு எவன் மேடம் லாரி அனுப்புவான்?
செக்கிங்குக்கு முந்தின ராத்திரி
எதிர்ல வூடு கட்டறவங்ககிட்ட ரெண்டு கூடை கேட்டு வாங்கினோம்."

தண்ணீர் இல்லாத ஆறு என்று
சொல்லிச் சிரித்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.
காலையில்கூடப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வந்தேன்.
தண்ணீர் போனபின் மணலாவது இருந்தது.
அதையும் லாரி லாரியாக ஏற்றி அனுப்பிவிட்டு
ஒரு வாளிக்குக் கடன் கேட்கிறது ஊர்.

பிப்ரவரி பதினாறு, ஆய்வறிக்கை, பக்கம் மூன்று.
மணல் வாளி: எட்டு.
நிலை: நிரம்ப உள்ளது, திருப்தி.
கீழே அவசரத்தில் சாய்ந்த கையெழுத்து,
இரா. தமயந்தி.

நான்தான்.

அன்று ரோஸ்மில்க் கொடுத்தார்கள், ஐஸ் போட்டு.
காட்பாடியில் ஐந்து பத்துக்கு ரயில்.
பேனாவை ஒருமுறை குத்திப் பார்த்திருந்தால்
அடியில் காகிதம் தட்டுப்பட்டிருக்கும்.
மை ஊற்றும் பேனா,
புதுசு.

பாலிசியில் ஒரு வரி இருக்கிறது:
தீயணைப்புச் சாதனங்கள் எந்நேரமும்
பயன்படும் நிலையில் இருத்தல் வேண்டும்.
அந்த வரி குறுக்கே படுத்தால்
ஒன்றேகால் கோடி வாசலோடு நின்றுவிடும்.
வெளியே வேப்பமரத்தடியில் ஐம்பத்தொன்பது பேர்,
சனிக்கிழமைக் கூலிக்கு.
அவர்களில் யாரும் மணலைப் பற்றிப் பேசவில்லை.

முதலாளி ஜுனைத் அருகில் வந்து கேட்டார்,
"எழுதுவீங்களா மேடம்?"
எதை என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து
சுடச்சுட எழுதினேன்.
காரணம்: மின்கசிவு.
மணல்: நான்கு விரல்.
முன்பு சோதித்தவர் என்ற கட்டத்தில்
என் பெயரை,
இந்தமுறை சாயாமல்.

உரிமம் பறிபோகும்வரை வேலை உண்டல்லவா.
திங்கட்கிழமை குடியாத்தம், தீப்பெட்டிக் கிடங்கு.
சுடிதார் கையை மடித்துக்கொண்டு
முதல் வாளிக்குள் முழங்கை வரை விட்டேன்.
மணல்தான், அடிவரைக்கும் மணல்.
நடுவில் ஒரு பூனை
தன் காரியத்தை முடித்துப் புதைத்திருந்தது.
ஸ்டோர்கீப்பர் வாய்விட்டுச் சிரித்தார்.

கையை உதறிவிட்டு நகர்ந்தேன்.
இன்னும் பதினொரு வாளி.