ஏழாம் கட்டில்

முப்பது வருஷம் இந்தியில் டாக்சி ஓட்டிய பரமார்த்தலிங்கம்
சயான் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து
தமிழில் கண் விழித்தார்:
"ஏட்டி, ஒண்ணுக்கு முட்டுது. எந்திரிக்க விடு."

சிஸ்டர் ஷிர்கே பையைத் தூக்கிக் காட்டினார்.
"ஜா ரஹா ஹை, காகா."
இளஞ்சிவப்பு, இருநூறு மில்லி.
உள்ளே சொட்டு இல்லை.
இல்லாததுதான் முட்டுகிறது.

குழாயைப் பிடுங்கப் போன கையை
நான் இறுகப் பற்றியிருந்தேன்.
"முதுகுல தொளச்சுக் கல்லெடுத்த எடம் சும்மா கெடக்கு தாயி,
கத்தியே வைக்காத எடம்லா கொல்லுது."

வலி, பத்துக்கு இரண்டு
என்று எழுதியிருந்தேன்.
இதை எழுத அந்தத் தாளில் கட்டமில்லை.

மறுநாள் முதல் கேஸ். ஆள் உறங்கிவிட்டார்.
குழாய்க்கு முன்னால் லிக்னோகேய்ன் ஜெல்லி,
மெதுவாக, சிரிஞ்சு காலியாகும்வரை.
பிறகு நின்றேன்.
"என்ன நிற்கிறாய்?"
"மரக்கணும் சார். அஞ்சு நிமிஷம்."
சர்ஜன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்,
இந்த ஊரில் எல்லோரும் பார்ப்பதுபோல.

அவர் விழித்ததும் சாய் கேட்டார்.
கிடையாது என்றதும் என்னைத் திட்டினார், போஜ்புரியில்.
அவ்வளவுதான்.

ஏழாம் கட்டிலுக்கு நான் ஒருநாள் தாமதம்.
குழாய் எடுத்தாயிற்று.
கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு
அரைமணி நேரமாக
யார் தட்டியும் திறக்கவில்லை அவர்.