மறுபடி

யீவூ கிடங்கில் இரவு வேலை.
கடல் தாண்டித் திரும்பி வந்த குடைகளை
எண்ணிக்கொண்டே
கைப்பேசியில் பாடம் கேட்கிறாள் கூ யூச்சின்.
முன்னால் 'ரி' வந்தால், மறுபடி.

ரிட்டர்ன், ரீஃபண்ட், ரீப்ளேஸ்.
இவர்களைத் தெரியும் அவளுக்கு,
பெட்டிதோறும் சிவப்பு மையில் வருகிறவர்கள்.
'ரி'யைச் சுரண்டினால்
அடியில் ஒரு சொல் கிடைக்கும்,
தள்ளுபடிச் சீட்டுக்குக் கீழே பழைய விலைபோல.

ரிக்ரெட்டைச் சுரண்டினாள்.
'க்ரெட்' அகராதியில் இல்லை.
வருத்தத்துக்கு
முதல் தடவை என்று ஒன்று கிடையாதோ?

விடிந்தது. "ஸாய்ஜியென்," என்றான் வாயிற்காவலன்.
ஸாய், மறுபடி. ஜியென், காண்பது.
முப்பத்தொரு வயதில் இன்றுதான்
பிரித்துப் பார்க்கிறாள்,

போன பனிக்காலம் ரயிலடியில்
ஒருத்தனிடம் சொல்லாமலே திரும்பிய
அந்தச் சொல்லை.