கழித்தல் குறி

வார்தோவில் குளிர்காலத்து எண்கள்
பூஜ்யத்துக்குக் கீழேதான் குடியிருக்கின்றன.
வெளியே இன்று கழித்தல் பதினொன்று.
துறைமுகத்து நீர் மட்டும் உறையவில்லை,
அதற்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஸ்கேன் வண்டியை மீன் ஆலைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம்.
இன்றைக்கு ஏழாவதாக தூர்போர்க் மீக்கல்சன்,
அறுபத்தாறு.
பெல்ட்டைக் கழற்றினாள், பூட்ஸைக் கழற்றினாள்,
மோதிரம் வரவில்லை.
இருக்கட்டும், விரலைப் படமெடுக்கப் போவதில்லை என்றேன்.

அசையாதீர்கள்.

"முப்பத்தொரு வருடம் ஓடும் பட்டைக்கு முன்னால்
அசையாமல் நின்றவள் நான்.
மீன்தான் அசைந்து வரும்."
காட் மீனின் வயிற்றிலிருந்து
ஈரலை முழுசாக எடுக்கும் வேலை.
கிழிந்தால் எண்ணெய் வீண்,
சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

இயந்திரத்தின் கை அவள்மேல் ஊர்ந்தது.
திரையில் முதுகெலும்பு வரி வரியாக வெளிப்பட்டது,
பனி வாரும் வண்டி போனபின்
தெரு தெரிவதுபோல.
பிறகு இடுப்பு.
கழித்தல் இரண்டு புள்ளி நான்கு.
இன்னும் ஒரு தசமம் சரிந்தால்
அதற்கு வேறு பெயர்.

"யாரிடமிருந்து கழிக்கிறீர்கள்?"
முப்பது வயதுப் பெண்ணின் எலும்பிலிருந்து.
"எந்தப் பெண்?"
பெயரில்லை, சராசரி.
"அவளை ஒருநாள் ஆலைக்கு அனுப்புங்கள்."

இரண்டு வருடமாக இந்தக் கரையில்
மாதவிடாய் நின்ற நூற்றுநாற்பது பெண்கள்
தினம் இரண்டு மாத்திரை விழுங்குகிறார்கள்.
பாதிப் பேருக்கு மீனெண்ணெய்,
பாதிப் பேருக்குச் சோள எண்ணெய்.
எலும்பைக் கரைக்கும் செல்களின் பசியை
ஒரு கொழுப்பு அமிலம் கொஞ்சமாவது அடக்குமா,
அதுதான் கேள்வி.
யாருக்கு எது என்பது ட்ரோம்சோவில்
ஓர் உறைக்குள் ஒட்டிக் கிடக்கிறது.
உங்களுக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது,
அப்படித்தான் ஏற்பாடு.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

முதல் ராத்திரியே கடித்துப் பார்த்தாளாம்.
"சோளம்.
ஒரு மீன்கூட அதன் பக்கத்தில் நீந்தியதில்லை."

பெயரில் ர் ஒலிக்கும் மாதமெல்லாம்
காலையில் ஒரு கரண்டி ஈரல் எண்ணெய்,
ஐந்து வயதிலிருந்து அவளுக்கு வழக்கம்.
கூடாது என்று படிவத்தில் போட்டிருந்தது.
அதையும் நிறுத்தினாள்.
குளிர்ப்பெட்டியில் பாட்டில், மூடி உடைக்காமல்.

பிறகு ஏன் சோளத்தை விழுங்கினீர்கள்,
ஆயிரத்து நானூறு மாத்திரைக்கு மேல்?

எழுந்து உட்கார்ந்து காலுறையை இழுத்துவிட்டாள்.
"ஒன்றும் கிடைக்காதவள் எவ்வளவு தேய்கிறாள் என்று
உங்களுக்குத் தெரிய வேண்டாமா?
அதற்கும் ஒருத்தி படுத்தாக வேண்டுமே."

போன முறை இரண்டு புள்ளி மூன்று.
இந்த ஒரு தசமம்
சோளத்தின் கணக்கா, வயதின் கணக்கா,
இயந்திரத்தின் கைநடுக்கமா,
ஒற்றை இடுப்பை வைத்துக்கொண்டு
யாராலும் சொல்ல முடியாது.
நான் அவளிடம் அப்படியே சொன்னேன்.
தலையாட்டினாள்,
மீன் விலை கேட்டவள்போல.

அப்போதுதான் எனக்கு அது வந்தது.
மார்பிலிருந்து காது மடல் வரை
யாரோ அடுப்புக் கதவைத் திறந்துவிட்டதுபோல.
கையுறையை உரித்தேன், கண்ணாடி மங்கியது.
வண்டிக் கதவைத் தள்ளி
கழித்தல் பதினொன்றுக்குள் முகத்தை நீட்டினேன்.

"எப்போதிலிருந்து?" முதுகுக்குப் பின்னால் குரல்.

செப்டம்பர்.

"அதிலும் ர் இருக்கிறது" என்றாள்.

பூட்ஸுக்கு அடியில் ஆணிப்பட்டையை மாட்டிக்கொண்டு
படியில் பக்கவாட்டாக இறங்கினாள்,
நண்டு இறங்குவதுபோல,
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து.
தரை வந்ததும் ஒருமுறை மிதித்துப் பார்த்தாள்.
பனி நறுக்கென்றது. நடந்தாள்.

குறிப்பு எழுதவென்று ஒரு கட்டம் இருக்கிறது.
'கடித்தார். சோளம் என்கிறார்.
தொடர்ந்து விழுங்கினார்.'

எட்டாவது பெண் வாசலில் நின்று
தோளிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள்,
கதவை மூடலாமா என்று கேட்டாள்.
இன்னும் ஒரு நிமிடம் என்றேன்.